அழகுத்தாய் கேட்ட தண்ணி

அழகுத்தாய்க்கு நாற்பத்து நாலு வயசு. அவள் தொண்டைக்கு மட்டும் வயசே ஆகவில்லை என்பார்கள் நொச்சிக்கரட்டில். பதினேழு வயசில் சத்திரப்பட்டிக்கு பேண்டேஜ் தறி ஓட்டப் போனவள். இருபது விசைத்தறி ஒரே மூச்சில் தடதடக்கிற கொட்டகையில், அடுத்த தறிக்காரியிடம் “ஏட்டி, மணி என்ன?” என்று கேட்பதற்கே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அப்படிக் கத்திக் கத்தி உரமேறிய குரல். வீட்டுக்குள் அவள் ரகசியம் பேசினால் மறுநாள் மேலத்தெருவில் அதற்குப் பதில் கிடைக்கும்.

அந்தக் குரல் ஊருக்குப் பொதுவானது ஒரு கூலி உயர்வுப் போராட்டத்தில். ராஜபாளையத்தில் ஊர்வலம் கிளம்புகிற நேரம் பார்த்து மைக் படுத்துவிட்டது. சங்கத் தலைவர் மைக்கைத் தட்டுகிறார், ஊதுகிறார், திட்டுகிறார், அது வாயைத் திறக்கக் காணோம். அழகுத்தாய் செத்த நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தி, “ஏத்திக் கொடு, ஏத்திக் கொடு!” என்று ஒரு சத்தம் விட்டாள். முந்நூறு பேர், “கூலியை ஏத்திக் கொடு!” என்று முடித்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாதியை அவள் போட்டாள், மீதி அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து கோஷம் என்றால் அழகுத்தாய்தான்.

கட்சிக்காரர்கள் விடுவார்களா? ஒரு தேர்தல் சமயம், காலையில் ராஜபாளையத்தில் ஒரு கட்சிக்கும், சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அதற்கு எதிர்க்கட்சிக்கும் வேன் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ரெண்டு இடத்திலும் “மாற்றம் வேணும்” என்றுதான் கத்தச் சொன்னார்கள். ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரி கைதட்டியது. வேனில் திரும்பி வரும்போது அவளுக்குச் சிரிப்பாக வந்தது. “ஒரே சொல்லுதான். காலையில இவுக மாறணும்னு கேட்டுச்சு, சாயங்காலம் அவுக மாறணும்னு கேட்டுச்சு. சொல்லு என்ன செய்யும், பாவம்” என்று பக்கத்து வீட்டு வெள்ளைத்தாயிடம் சொன்னாள். அத்தோடு கட்சிக் கூட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டாள். கூலிக்கு, ரேஷனுக்கு, தண்ணிக்கு என்றால் மட்டும் வருவாள்.

போன கோடையில் தண்ணிக்குத்தான் வரவேண்டியதாயிற்று.

நொச்சிக்கரடு, மெயின் ரோட்டிலிருந்து மலைப் பக்கமாக ரெண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஊராட்சிக் குழாயில் பதினெட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணி வந்துகொண்டிருந்தது. வருகிற தண்ணியும் செக்கச் செவேலென்று வரும். துணியில் வடிகட்டினால் துணி சிவக்கும், தண்ணி வெளுக்காது. ஊராட்சிச் செயலர் சிவனாண்டி நல்ல மனுசர்தான். எதைக் கேட்டாலும் “மேல எழுதியிருக்கு தாயி” என்பார். எழுதினது மேலேயே இருந்தது, கீழே இறங்கவில்லை.

ஏப்ரல் கடைசி வாரம் ஒரு நாள் காலையில், எண்பது பெண்கள் காலிக் குடத்தோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். முந்தின நாள் பூராவும் தறி ஓட்டிக்கொண்டே அழகுத்தாய் கோஷத்தை மென்றுகொண்டிருந்தாள். கோஷம் கட்டுவதில் அவளுக்கென்று சில கணக்கு உண்டு. கிழவிக்கும் வாயில் நுழைய வேண்டும். மூச்சு முட்டும் முன்னால் முடிய வேண்டும். கேட்கிறவன் ஒரு தடவையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

“தண்ணி வேணும்! தண்ணி வேணும்!”

“இன்னைக்கே வேணும்! இப்பவே வேணும்!”

எண்பது குடமும் ரோட்டில் டங்கு டங்கென்று தாளம் போட்டன. கிருஷ்ணன்கோவிலுக்குப் போகிற கல்லூரி பஸ்கள் வரிசையாக நின்றன. ஜன்னலுக்கு ஜன்னல் போன் நீண்டது. ஒரு மணி நேரத்தில் போலீஸ் வந்து, சமாதானம் பேசி, “ஒரு வாரத்துல பாக்கோம்” என்று வாக்குக் கொடுத்து எழுப்பிவிட்டார்கள். அழகுத்தாய் நேரே தறிக்குப் போய்விட்டாள்.

நாலஞ்சு நாள் கழித்து மே தினம் வந்தது. மே தினத்தன்று மதுக்கடை அடைப்பு. அன்று காலையில் எவனோ ஒரு கெட்டிக்காரன் பஸ்ஸிலிருந்து எடுத்த வீடியோவை ஒன்பது நொடிக்கு நறுக்கிவிட்டான். குடம் போச்சு, பெண்கள் போச்சு, ரோடும் போச்சு. அழகுத்தாய் முகம் மட்டும் இருந்தது. உயர்த்திய கை, சிவந்த கண், வியர்வை. பின்னால் ஷட்டர் இறக்கிய ஒரு மதுக்கடையின் படத்தை ஒட்டிவிட்டான். “தண்ணி வேணும்! இன்னைக்கே வேணும்! இப்பவே வேணும்!” அதற்குக் கீழே ஒரு ஹேஷ்டேக்: #தண்ணிவேணும்.

மதியத்துக்குள் தமிழ்நாடே சிரித்தது.

அழகுத்தாய்க்கு முதலில் விஷயமே புரியவில்லை. பஸ்ஸில் ரெண்டு பேர் அவளைப் பார்த்துவிட்டு போனைப் பார்த்தார்கள், பிறகு ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டார்கள். தறிக் கொட்டகையில் வேலை பார்க்கிற பொன்மணிதான் போட்டுக் காட்டினாள். அழகுத்தாயும் முதல் தடவை சிரித்துவிட்டாள். சிரிப்பு வரும்படிதான் இருந்தது. ரெண்டாம் தடவை பார்க்கும்போது சிரிப்பு வரவில்லை.

ராணுவத்தில் இருக்கிற மகன் பாண்டிதுரை காஷ்மீரிலிருந்து போன் பண்ணினான். “எம்மா, இங்க கேம்ப்புல தமிழ்ப் பயலுக அம்புட்டுப் பேரும் போட்டுப் பாக்கானுக. எங்க அம்மான்னு சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல.”

“சொல்லிப்புடுலே. நான் என்ன திருடியா வச்சிருக்கேன்?” என்றாள். சொன்னாளே தவிர, மறுநாள் முந்தானையை முகத்துக்கு இழுத்து விட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

அடி விழுந்தது அவளுக்கல்ல, அவள் புருசன் ஐயாதுரைக்கு. ஐயாதுரை லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரு காலத்தில் சாயங்காலம் ஆனால் ஆட்டோ ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் கிடப்பார்கள். அதையெல்லாம் விட்டு ஆறு வருசம் முடிந்துவிட்டது. விட்டது லேசான காரியமில்லை. அந்த ஆறு வருசத்தையும் டீக்கடையில் ஒருத்தன் ஒரு நொடியில் உடைத்துப் போட்டான். “என்ன அண்ணாச்சி, நீரு நிறுத்தவும் வீட்டுல ஆரம்பிச்சுட்டாகளாக்கும்?” கடை மொத்தமும் சிரித்தது. ஐயாதுரை டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தார். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாலு நாளாக டீக்கடைப் பக்கம் போகவில்லை என்பது அழகுத்தாய்க்குத் தெரிந்துவிட்டது. அங்கே நடந்ததை வெள்ளைத்தாய் வந்து சொன்னாள்.

“இனிமே எவன் கூப்பிட்டாலும் கோஷம் போட மாட்டேன். வாயி தறிக்கு மட்டும் போதும்” என்று வெள்ளைத்தாயிடம் சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செட்டியார்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கார்த்திகா என்று பேர். கிருஷ்ணன்கோவில் பக்கம் உள்ள கல்லூரியில் ஆராய்ச்சி படிக்கிறாளாம். தோளில் பை, கையில் நோட்டு.

“அக்கா, கோஷம், ஹேஷ்டேக், இதுக்கெல்லாம் எப்படி அர்த்தம் வருதுன்னு படிக்கேன். உங்க கோஷத்தைப் பத்திக் கேக்கலாம்னு வந்தேன்.”

“சிரிச்சது போதாதுன்னு பரீட்சை வேற எழுதப் போறீகளாக்கும்” என்றாள் அழகுத்தாய். ஆனாலும் உட்காரச் சொன்னாள். “இதுக்குன்னு ஒரு படிப்பா? என்ன பேரு?”

“குறியியல்.”

“குறியா? கோடாங்கி உடுக்கடிச்சுச் சொல்லுவானே, அதுவா?”

கார்த்திகா சிரித்துவிட்டாள். “கிட்டத்தட்ட அதுதான்க்கா. கோடாங்கி சோழியைப் பார்த்துச் சொல்லுவாரு. நாங்க சொல்லைப் பார்த்துச் சொல்லுவோம். இந்தா, ‘தண்ணி’ன்னு நீங்க சொல்லுதீக. அது வெறும் சத்தம். கேக்கவன் மனசுல ஒண்ணு தோணுதுல்லா, அதான் அர்த்தம். சத்தத்துக்கும் அதுக்கும் பிறவிச் சொந்தம் கிடையாது. நாம கட்டி வச்ச சொந்தம். உங்க மனசுல குடம் தோணுச்சு. மே தினத்தன்னைக்குக் கடை வாசல்ல நின்னவனுக்குப் பாட்டில் தோணுச்சு.”

“அப்ப தப்பு என் மேலயா? ‘குடிநீர்’னு கத்தியிருக்கணுமோ?”

“அதுலயும் ‘குடி’ இருக்கேக்கா.”

அழகுத்தாய்க்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. பத்து நாள் கழித்து வந்த சிரிப்பு. கதவோரம் நின்ற ஐயாதுரைகூட மீசைக்குள் சிரித்தார்.

“நீங்க சொன்ன சொல்லுல தப்பே இல்ல” என்றாள் கார்த்திகா. “ரோட்டுல நீங்க சொல்லும்போது சுத்தி எண்பது குடம் இருந்துச்சு. அதுகதான் உங்க தண்ணிக்குக் காவல். காலிக் குடத்தைப் பார்த்தா எழுதப் படிக்கத் தெரியாதவனும் தாகம்னு சொல்லிப்புடுவான். வீடியோவை நறுக்கினவன் வார்த்தையில ஒரு எழுத்தைக்கூட மாத்தல. குடத்தை எடுத்துட்டுக் கடையை வச்சான், அம்புட்டுத்தான். பக்கத்துல நிக்கிறது மாறினா அர்த்தம் மாறிப்போகும்.”

அழகுத்தாய் அந்த வேன் பயணத்தை நினைத்துக்கொண்டாள். காலையில் ஒரு கொடி, சாயங்காலம் ஒரு கொடி, நடுவில் அதே “மாற்றம் வேணும்”. “கொடிதான் அர்த்தம் சொல்லுச்சு, நான் வெறும் சத்தம் போட்டிருக்கேன்” என்றாள் மெதுவாக. அதை கார்த்திகா நோட்டில் எழுதிக்கொண்டாள்.

“அந்த வேலி மாதிரிக் கோடு போட்டிருக்கானே, அது என்ன?”

“ஹேஷ்டேக். அதைத் தொட்டா, அந்தச் சொல்லை வச்சு யார் யாரு என்ன போட்டாலும் ஒரே இடத்துல வந்து நிக்கும்.”

அழகுத்தாய் போனை வாங்கி உற்றுப் பார்த்தாள். நெடுக்க ரெண்டு பாவு நூல், குறுக்க ரெண்டு ஊடை நூல். அவள் தினமும் நெய்கிற பேண்டேஜ் துணியில் ஒரு கண்ணை மட்டும் வெட்டி வைத்த மாதிரி இருந்தது. “அப்ப நான் போட்டாலும் அங்கதான் போய் நிக்குமா?”

“நிக்கும். யாரு வேணும்னாலும் போடலாம். அது யாருக்கும் சொந்தமில்ல.”

“எம்புட்டுப் பேரு பாத்திருக்காக?”

“நாலு லட்சம்.”

அழகுத்தாய் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அப்போதுதான் ஒரு சின்னக் காரியம் நடந்தது. ஜன்னல் திண்டில் ஒரு நன்னாரி சர்பத் பாட்டில் இருந்தது. கண்ணாடிப் பாட்டில். அதிகாரி யாராவது வந்தால் காட்டலாமென்று ஐயாதுரை அதில் குழாய்த் தண்ணியைப் பிடித்து வைத்திருந்தார். செம்பழுப்பாக, வெயில் பட்டு மினுங்கியது. கார்த்திகாவின் பார்வை அந்தப் பாட்டிலுக்குப் போனது. பிறகு ஐயாதுரைக்குப் போனது. பிறகு சட்டென்று நோட்டுக்குத் திரும்பியது. ஒரு நொடிதான்.

ஐயாதுரைக்கு முகம் சுருங்கிவிட்டது. “பாப்பா, அது குழாய்த் தண்ணி. பிராந்தி இல்ல.”

“ஐயோ, நான் அப்படி நினைக்கல, மாமா” என்று கார்த்திகா திணறினாள். அப்படித்தான் நினைத்திருந்தாள். குறியியல் படிக்கிறவளே குறியில் வழுக்கி விழுந்ததில் அவளுக்குக் காது சிவந்தது.

அழகுத்தாய் மட்டும் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் அதை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். “ஏ தாயி, படிச்ச பிள்ளை நீயே பிராந்தின்னு நினைச்சேன்னா, அந்த நாலு லட்சம் பேரும் நினைப்பான்ல? நினைக்கட்டும். நினைச்சுக்கிட்டே கிட்ட வரட்டும். வந்தபொறவு சொல்லுவோம், இது என்ன தண்ணின்னு.”

குழாய்த் தண்ணியைப் பிடித்து வைக்கக் காலி மதுப் பாட்டில் வேண்டுமே? அதற்கு நொச்சிக்கரட்டில் பஞ்சமில்லை. ஓடைக்கரைத் தென்னந்தோப்பு ஓரம் குவிந்து கிடக்கும். ஆனால் பெண்கள் அங்கே போகக் கூசினார்கள். “நான் போறேன்” என்றார் ஐயாதுரை.

“வேண்டாம். நீங்க அதைக் கையால தொட வேண்டாம்” என்றாள் அழகுத்தாய்.

“எந்த இடத்துல எம்புட்டுக் கிடக்கும்னு என்னைய விட யாருக்குத் தெரியும்?” என்று சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒரு மணி நேரம் அவள் வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்தாள். மனுசர் திரும்பி வந்தார், தோளில் கலகலக்கிற சாக்கோடு. இறக்கி வைத்துவிட்டு, கையை மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்தார். “ஏட்டி, இந்த நாத்தத்தையா நான் இத்தனை வருசம் காசு குடுத்து வாங்கினேன்?” என்றார். அழகுத்தாய் சோப்பை எடுத்துக் கொடுத்தாள். அவர் கழுவி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

அந்த வாரம் தண்ணி விட்ட அன்றைக்கு, அறுபது பாட்டிலிலும் குழாய்த் தண்ணி நிரம்பியது. மறுநாள் காலை பத்து மணிக்கு அறுபது பெண்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு பாட்டில். அறுபதிலும் செம்பழுப்பு. குடமில்லை, கொடியில்லை. வெள்ளைத்தாய் பெரிய குடிகாரி மாதிரி பாட்டிலை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் பாதிப் பேர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள்.

அழகுத்தாய் கோஷம் போடவில்லை. ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

யாரோ போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், பொம்பளைகள் அலுவலகத்து வாசலில் குடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு ஏட்டையா பைக்கில் பறந்து வந்தார். “என்ன அநியாயம் இது? குடுங்க அதை” என்று அழகுத்தாய் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி, மூடியைத் திருகி மோந்து பார்த்தார். இன்னொரு தடவை மோந்தார். “என்னம்மா இது, மண்ணு வாடை அடிக்கு?”

“தண்ணி வேணும்னு கேட்டோம்லா ஐயா. குடுத்திருக்காக” என்றாள் அழகுத்தாய். குரலை உயர்த்தவே இல்லை. அதனாலேயே எல்லாருக்கும் கேட்டது.

ஏட்டையா பாட்டிலைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். பிறகு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த சிவனாண்டியிடம் அதை நீட்டி, “செயலரே, ஒரு மடக்கு குடிச்சுக் காட்டும்” என்றார். சிவனாண்டி ரெண்டு எட்டுப் பின்னால் போனார். அப்போதுதான் அறுபது பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

கார்த்திகா இதையெல்லாம் நறுக்காமல் எடுத்து, #தண்ணிவேணும் என்றே போட்டாள். வேறு பேர் வைக்கலாமே என்று அவள் தோழிகள் சொன்னதற்கு அழகுத்தாய் ஒத்துக்கொள்ளவில்லை. “சனம் கூடியிருக்கிறது அந்தத் தெருவுலதான். அங்க போய்த்தான் பேசணும்.”

சிரிக்கத் தேடி வந்தவன் பாட்டிலைப் பார்த்தான். இன்னொரு கேலி என்று நினைத்துத் தொட்டான். ஏட்டையா மோந்து பார்க்கிற இடத்தில் சிரித்தான். “குடுத்திருக்காக” என்கிற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறமும் சிரித்தவர்கள் உண்டு, இல்லாமல் இல்லை. ஆனால் அன்று சாயங்காலமே எங்கோ திருவாரூர்ப் பக்கம் ஒரு பெண் தன் வீட்டுக் குழாய்த் தண்ணியைப் பாட்டிலில் பிடித்துப் படம் போட்டாள். மறுநாள் ஓசூரிலிருந்து ஒன்று. ஒரு வாரத்தில் அந்த ஹேஷ்டேக்கைத் தொட்டால் மதுக்கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மஞ்சள், பழுப்பு, கறுப்பு என்று ஊர் ஊராகப் பாட்டில் நின்றது.

நாலாம் நாள் மேலேயிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். ஓடைக்கு அடியில் போகிற குழாய் வெடித்துச் சேறு இழுப்பதும், மேல்நிலைத் தொட்டியைக் கழுவி மூணு வருசம் ஆனதும் தெரியவந்தது. வேலை முடிய மாசக் கடைசி ஆகிவிட்டது. இப்போது நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணி வருகிறது. தினமும் வரவில்லை. ஆனால் தெளிந்து வருகிறது.

ஐயாதுரை டீக்கடைக்குப் போனார். அன்று கேலி பேசிய அதே ஆள் இருந்தான். வாயைத் திறப்பதற்குள் ஐயாதுரையே, “எங்க வீட்டுல தண்ணி வந்துட்டுதுப்பா, உங்க வீட்டுல?” என்று கேட்டார். அவன் வீடும் அதே தெருதான். “வந்துட்டு அண்ணாச்சி” என்று சொல்லி, அவருக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னான்.

ஆடி மாசம் ஒரு மத்தியானம், மம்சாபுரம் பக்கத்திலிருந்து நாலு பெண்கள் அழகுத்தாயைத் தேடி வந்தார்கள். தங்கள் தெரு ரோட்டில் வந்து சேர்கிற விலக்கில் பஸ் நிற்காமல் போகிறதாம். மறியல் பண்ணப் போகிறார்களாம்.

“கோஷம் கட்டிட்டோம்க்கா. நீங்க வந்து போட்டாப் போதும்” என்றாள் அவர்களில் மூத்தவள் முத்துப்பேச்சி.

“சொல்லு, கேப்போம்.”

முத்துப்பேச்சி தொண்டையைச் செருமினாள். “நிறுத்து! நிறுத்து! பஸ்ஸை நிறுத்து!”

அழகுத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். “அடி ஆத்தி! அதிகாரி சரின்னு ஓடுற ஒரு பஸ்ஸையும் நிறுத்திப்புட்டாருன்னா?”

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். சிரிப்பு ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குத் தாவியது.

“உக்காருங்க. எந்த இடத்துல கூடப் போறீக, கையில என்ன பிடிக்கப் போறீக, முதல்ல அதைச் சொல்லுங்க” என்று அழகுத்தாய் தட்டில் முறுக்கை எடுத்து வைத்தாள். “சொல்லைப் பொறவு பாப்போம்.”